வடிகாலில் ஒரு வால்வு

பிப்ரவரி 9

அண்ணா,

அண்ணி சொன்னதால் எழுதுகிறேன். "போன்ல பேசினா மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் வச்சிடறீங்க. அப்புறம் ரெண்டு பேரும் எனக்கு போன் பண்ணிப் புலம்பறீங்க. பேப்பர்ல எழுதித் தொலைங்க, பேப்பரைப் பாதியில வைக்க முடியாது" என்றார். நான் புலம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ இங்கிருந்து சாப்பிடாமல் கிளம்பிப்போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதைப் பற்றிப் பேச இப்போது எழுதவில்லை. மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். நீ போட்ட குழாய்தான், உனக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கடைசியில் "எந்தக் குழாய்?" என்று கேட்பாய்.

ஹாலில் நாலடித் தொட்டி. அதன் இடது மூலையில் கண்ணாடித் தடுப்பு. தொட்டித் தண்ணீர் தடுப்பின் விளிம்பைத் தாண்டி அந்த மூலைக்குள் விழுகிறது. அங்கே அடியில் இரண்டு துளைகள். பெரிய துளையில் நீ மாட்டிய ஒன்றேகால் அங்குலக் குழாய். தண்ணீர் அதன் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே பஞ்சில் வடிகட்டி, பம்ப் அதைச் சின்னத் துளை வழியாகத் திரும்ப மேலே அனுப்புகிறது. சுற்றிச் சுற்றி இதுதான்.

சத்தம் அன்றைக்கே இருந்தது. நான் சொன்னேன், நீ ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது என் வீட்டுக்காரர், உன் அருமை மாப்பிள்ளை, பகலெல்லாம் டியூஷன் சென்டரில் இருந்தார். அதனால் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். நவம்பரில் அந்த சென்டரை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் எடுக்கிறார். படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே டிங்கரிங் பட்டறை. ஆகையால் ஹாலில்தான் வகுப்பு, தொட்டிக்கு ஆறடி தள்ளி.

முதல் வாரமே ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "சார், உங்க வீட்டுல யாரோ பாத்ரூம்ல தண்ணி ஊத்தறாங்க." அடுத்தவன் சொன்னானாம், "சாரே அங்க உக்காந்துதான் கிளாஸ் எடுக்கறார்." இப்போது அவருக்கு 'ஃப்ளஷ் சார்' என்று பெயர். அவரே வந்து சொல்லிச் சிரித்தார். சாப்பிட்டு முடிக்கும்போது சிரிப்பு இல்லை. "ஏப்ரல் முடியற வரைக்கும் பாக்கறேன். மே மாசம் புதுப் பசங்க வருவாங்க, அவங்ககிட்டயும் அந்தப் பேரோட ஆரம்பிக்க முடியாது. கேக்கறவங்களுக்குத் தொட்டியைக் கொடுத்துடு" என்றார். அவர் சொல்வதில் தப்பு இல்லை என்பதுதான் பிரச்சினை.

கேட்பதற்கு ஆளும் இருக்கிறது. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டர் அம்மா. "சத்தம் இருந்தா என்ன, என் மெஷின் போடற சத்தத்துல அது யாருக்குக் கேக்கப்போகுது" என்கிறார்.

ஆறு ஏஞ்சல் மீன்கள் அண்ணா. சட்டைப் பொத்தான் அளவில் வாங்கினேன், இப்போது என் உள்ளங்கை அளவு. நாள் முழுக்க ரத்தம் நிரப்பிய குழல்களைப் பார்த்துவிட்டு வந்து அவற்றின் முன்னால் அரை மணி நேரம் உட்காருவேன். அந்த அரை மணியில் யாரோடும் பேச மாட்டேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சத்தத்தை நிறுத்த வழி இருந்தால் எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

தங்கை


பிப்ரவரி 16

வாலு,

கடிதம் கிடைத்தது. குழாயில் தப்பில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் ஓடினால் சத்தம் வரும் என்று அன்றைக்கே சொன்னேன். அதற்கு நீ மாப்பிள்ளை முன்னால், "இவர் கட்டின மாடியெல்லாம் எப்படித்தான் நிக்குதோ" என்றாய். நான் மாடி கட்டுவதில்லை. மாடியிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்குகிறேன். முப்பத்தோரு வருடமாக இறக்குகிறேன். இங்கே இப்போது எழும்பும் கட்டடம் இருபத்திரண்டு மாடி, எண்பத்தெட்டு வீடு. இதுவரை நான் குழாய் போட்ட ஒரு வீட்டிலும் கழிவுநீர் திரும்பி ஏறியதில்லை. உன் வீட்டில் தரையில் ஒரு சொட்டு விழுந்திருக்கிறதா? இல்லை. அது வேலை.

இருந்தாலும் கேட்டிருக்கிறாய். சத்தம் என்று மொட்டையாக எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. காய்ச்சல் என்று மட்டும் எழுதி அனுப்பினால் நீ பரிசோதனை செய்துவிடுவாயா? எனவே இப்படிச் செய். நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்றை எடு. அதன் முனையைக் குழாய்மேல் வை, கைப்பிடியைக் காதோடு ஒட்டு. மூன்று இடத்தில் கேள்: மேலே மூலையில், நடுவில் அலமாரிக்குள், அடியில் குழாயின் வாய் கீழ்த்தொட்டியில் முடியும் இடத்தில். எங்கே சோவென்று, எங்கே குடுகுடு, எங்கே விக்கல் என்று தனித்தனியாக எழுது. மேலே மூலையில் தண்ணீர் எத்தனை அங்குலம் விழுகிறது என்று அளந்து எழுது. கண்ணால் பார்த்து எழுதாதே. டேப் வைத்து எழுது.

சாப்பிடாமல் கிளம்பியது பஸ்ஸுக்கு நேரமானதால்.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணா,

பஸ் பத்தரைக்கு. நீ கிளம்பியது ஆறே முக்காலுக்கு. போகட்டும்.

ஸ்க்ரூட்ரைவர் வைத்துக் கேட்டேன். அவர் வந்து பார்த்து, "என்ன, குழாய்க்கு இதயத் துடிப்பு பாக்கறியா?" என்றார். பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் காலை ஒன்பதரைக்கு எடுத்த குறிப்பு:

மேலே மூலையில் தண்ணீர் ஒன்பது அங்குலம் விழுகிறது. சோவென்ற சத்தம், இடைவிடாமல். நடுவில் அலமாரிக்குள் குடுகுடு. அடியில் குழாயின் வாய் தண்ணீருக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது. அங்கே கொப்பளிப்பு. இது போதாதென்று நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முழுக் குழாயும் மடக்கென்று ஒரே வாயாக விழுங்குகிறது. பையன்கள் சிரிப்பது அதற்குத்தான். இருபது நிமிடத்தில் ஐந்து தடவை, கடிகாரம் வைத்து எண்ணினேன்.

இன்னொன்று. மீன் வளர்ப்பவர்கள் எழுதுவதைத் தேடிப் படித்தேன். சத்தமே இல்லாமல் செய்கிறார்களாம். தண்ணீர் இறங்கும் குழாயின் அடியில் ஒரு வால்வு வைத்து, அதைக் கொஞ்சம் மூடி, குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி செய்கிறார்கள். காற்றே உள்ளே போகாது. காற்று இல்லாவிட்டால் சத்தம் இல்லை. எனக்குப் படித்ததும் புரிந்துவிட்டது. ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போதும் அப்படித்தான், குழலில் காற்று நுழைந்தால்தான் நுரைக்கும்.

நீ என்ன சொல்கிறாய்?

தங்கை


மார்ச் 2

வாலு,

முடியாது என்று சொல்கிறேன்.

வடிகாலில் வால்வு வைப்பதா? இதை என்னிடம் வேலை பழகும் ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பேன். ஏறும் தண்ணீருக்கு வால்வு. இறங்கும் தண்ணீருக்கு வழி. இவ்வளவுதான் என் தொழில். இறங்கும் வழியில் ஒரு கதவை வைத்தால் அந்தக் கதவை யாராவது ஒருநாள் மூடுவார்கள். முந்திய கட்டடத்தில் மழைநீர்க் குழாயில் என்ஜினியர் ஒருவர் பிடிவாதமாக ஒன்று வைத்தார். பெயின்டர் அதில் தன் வாளியை மாட்டினார். வாளி கனத்தில் கைப்பிடி திரும்பிவிட்டது. மறுநாள் மழை. மொட்டைமாடியில் நீச்சல்குளம்.

உன் பம்ப் பாட்டுக்கு மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். இறங்கும் வழி அடைந்தால் கீழ்த்தொட்டித் தண்ணீர் முழுக்க மேலே ஏறி, விளிம்பு தாண்டி, மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் ஒயர்மேல் வழியும். அப்புறம் அவருக்கு வேறு பெயர் வைப்பார்கள்.

வால்வு இல்லாமல் செய்யக்கூடியது இது. குழாயின் அடிவாயைத் தண்ணீருக்குள் ஆறு அங்குலம் இறக்கு. கொப்பளிப்பு நிற்கும். மேலே மூலையில் பஞ்சுத் துண்டு ஒன்று வை. விழும் தண்ணீர் பஞ்சில் விழட்டும். அலமாரிக் கதவின் உள்பக்கம் தடிமனான ரப்பர் ஷீட் ஒட்டு.

பஸ் விஷயம். முதல் பஸ் ஏழரைக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

நீ சொன்ன மூன்றையும் செய்தேன். முடிவு இது.

ரப்பர் ஷீட்: கொஞ்சம் பலன். பஞ்சு: மூன்றே நாளில் அழுக்கேறி அடைத்துக்கொண்டது, தண்ணீர் இறங்காமல் மூலையே நிரம்பியது, எடுத்துவிட்டேன். குழாய் வாயை ஆறு அங்குலம் இறக்கியது: மோசம். முன்பாவது காற்று அடியில் போய்க் கொப்பளித்தது. இப்போது அது கீழே போக முடியாமல் குழாய்க்குள்ளேயே தவிக்கிறது. மடக் இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவர் ஒரு கணக்கின் விடையைச் சொல்லி நிறுத்தினார், அந்த நொடி பார்த்து அது விழுங்கியது. ஒரு பெண் சொன்னாளாம், "சார், விடை போயிடுச்சு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அமைதியாக வந்து, "டாக்டரம்மாவுக்கு எத்தனை அடி இடம் இருக்குன்னு கேட்டியா?" என்றார். சனிக்கிழமை டாக்டர் டேப்போடு வந்தார். தொட்டியின் நீளம், அகலம், உயரம், எல்லாவற்றையும் அளந்து கையில் எழுதிக்கொண்டார். மீன்களைப் பார்த்து, "வாய் பேசாத பேஷண்ட்" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் அளந்துகொண்டிருந்தபோது நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டடத்தில் தண்ணீர் எப்போதாவது வரும், மொத்தமாக வரும், போய்விடும். இங்கே அது நாள் முழுக்க ஒரே அளவில் ஓடுகிறது. இதற்கு வேறு சட்டம் இருக்கக் கூடாதா? வால்வைத் திட்டிவிட்டு மூடி வைக்காதே. ஒருமுறை யோசி. ஏப்ரல் முடிய ஏழு வாரம்தான்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. இரண்டு தடவை கிழித்துப்போட்டு மூன்றாவதாக எழுதியது இது.

தங்கை


மார்ச் 20

வாலு,

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். ஸ்டோருக்குப் போய் இரண்டு காலி பெயின்ட் டிரம், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், ஒரு கேட் வால்வு எல்லாம் எழுதி வாங்கிவந்தேன். ஒரு டிரம்மைச் சாரத்தின்மேல் ஏற்றினேன், ஒன்றைத் தரையில் வைத்தேன், நடுவில் குழாய். கிரேன் ஓட்டுபவர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லாம் சரி, மீன் எங்க?" என்றார். அரை மணியில் பதினாலு பேர் கூடிவிட்டார்கள்.

வால்வு முழுக்கத் திறந்திருந்தபோது உன் வீட்டுச் சத்தம் அப்படியே வந்தது. சோ, குடுகுடு, மடக், எல்லாம். பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். குழாயில் ஓடிக்கொண்டிருந்த குமிழிகள் குறைந்தன, பிறகு ஒன்றிரண்டு, பிறகு இல்லை. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியவில்லை. கையை அடியில் வைத்துப் பார்த்தால் ஓடுகிறது. சத்தம் இல்லை. எலக்ட்ரீஷியன் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "கரன்ட் மாதிரி போகுது" என்றார்.

நீ சொன்னது சரி. கட்டடக் குழாயில் தண்ணீர் சுவரை ஒட்டி இறங்கும், நடுவில் காற்று இருக்கும். அந்தக் காற்றுக்கு நாங்களே வழி வைத்துக் கொடுப்போம். உன் வீட்டுக்கும் பழக்கதோஷத்தில் அதையே செய்தேன். தண்ணீர் தனியாக இருந்தால் பேசாது, காற்றோடு சேர்ந்தால்தான் பேசும். முப்பத்தோரு வருடத்தில் இதை நான் நின்று பார்த்ததில்லை. என் குழாய்களின் சத்தத்தைக் கேட்க அவற்றோடு யாரும் குடியிருந்ததில்லை. மன்னிக்கவும். குடியிருக்கிறார்கள். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

ஆனால் வால்வைப் பற்றி நான் சொன்னதும் சரி. அதனால் ஒரு குழாய் போதாது. இரண்டு வேண்டும். படம் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் புதிதாகத் துளை போட வேண்டாம். இப்போது பம்ப் தண்ணீர் மேலேறும் சின்னத் துளையை இறங்கும் வழியாக மாற்று. பம்ப்பின் குழாய் தொட்டி விளிம்பின் மேலாகப் போகட்டும்.

முதல் குழாய், அதாவது சின்னது, எப்போதும் தண்ணீர் நிரம்பி இறங்கும். அடியில் கேட் வால்வு, சக்கரம் மாதிரி திருகித் திருகி மூடுவது. பால் வால்வு வாங்காதே, அது சட்டென்று திரும்பும், நுணுக்கமாக வைக்க முடியாது. இதன் மேல்வாய் மூலைத் தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருக்க வேண்டும், அடிவாய் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் ஒரு அங்குலம்.

இரண்டாவது, நான் போன வருடம் போட்ட ஒன்றேகால் அங்குலம். அதை அப்படியே விடு. மேல்வாயை மட்டும் நீட்டி, மூலையில் நிற்கும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்து. அடிவாயை மறுபடி தண்ணீருக்கு மேலே தூக்கு. அதில் வால்வு கிடையாது. சாதாரண நாளில் அதற்கு வேலையும் கிடையாது. முதல் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஒரு அங்குலம் ஏறி இதில் இறங்கும். அப்போது பழைய சத்தமெல்லாம் வரும். வந்தால் முதல் குழாயைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மூலையில் மட்டம் உயர்ந்துவிடுவதால் ஒன்பது அங்குல அருவியும் ஒரு அங்குலமாகிவிடும். வால்வை ஒருமுறைக்குக் கால் திருகு மட்டும் திருப்பு. திருப்பிவிட்டு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். உனக்கு அது வராது என்று தெரியும். மாப்பிள்ளையை வைத்துச் செய்.

அண்ணன்

பஸ்ஸெல்லாம் இல்லை. கோபத்தில்தான் கிளம்பினேன்.


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

முடிந்தது. ஓடுகிறது. சத்தம் இல்லை.

தெருக்கோடியில் இருக்கும் குழாய்க்காரரை அழைத்து உன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "யார் வரைஞ்சது? பெரிய கோபக்காரர் போலிருக்கு. எல்லாத்துக்கும் கீழ ரெண்டு கோடு போட்டிருக்கார்" என்றார். என் அண்ணன் என்றேன். "அப்ப நான் சரியாச் செஞ்சிடறேன்" என்றார். இரண்டு நாள் வேலை. மீன்கள் அதுவரை பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன.

திருகுவது நாங்கள் இருவரும்தான். அவர் கால் திருகு திருப்புவார், கடிகாரம் பார்ப்பார், பேப்பர் திருத்துவார். நான் ஐந்தாவது நிமிடம், "இன்னும் கொஞ்சம்?" என்பேன். "இருபதுன்னு எழுதியிருக்கார்" என்பார். உன் பேச்சை இந்த வீட்டில் என்னைவிட அவர்தான் கேட்கிறார். ஆறாவது திருகலில் குடுகுடு நின்றது. ஏழாவதில் மட்டம் தடுப்பு விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே வந்து நின்றது, அப்படியே நின்றுவிட்டது. எதிர்ப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது, ஹாலில் இருந்து அது கேட்கும் என்றே எங்களுக்கு இதுவரை தெரியாது.

வகுப்புகள் மூன்று ஆகிவிட்டன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. "மாசம் முடியட்டும், திரும்ப ஆரம்பிச்சிடுச்சுன்னா?" என்கிறார். டாக்டரிடமும் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நானும் ஒரு சின்ன வேலை சேர்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது குழாய் சும்மா வாய் திறந்து நிற்கிறது. நத்தை ஒன்று அதன் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது, உள்ளே விழுந்தால் எடுப்பது கஷ்டம். எங்கள் கூடத்தில் திறந்த குழாயை யாரும் மேசையில் வைக்க முடியாது, வைத்தால் கூடத்தை நடத்தும் பெரியவர் சத்தம் போடுவார். அதே அளவில் பிவிசி மூடி கடையில் கிடைத்தது. இறுக்கி மாட்டிவிட்டேன். பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 11

வாலு,

நேற்று போனில் மாப்பிள்ளையிடம் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன் கடிதத்தைப் பத்தொன்பதாவது மாடியில் படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் நின்ற இடத்திலேயே கூப்பிட்டேன். நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரியும், அதனால்தான் அவர் நம்பர். வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். "மாப்ள, அந்தச் சும்மா நிக்கற குழாயோட மூடியைக் கழட்டுங்க. இப்பவே. பாடத்தை அப்புறம் எடுங்க" என்றேன். வேறொன்றும் சொல்லாமல் அவர் எழுந்து போனது கேட்டது. அப்படிப்பட்டவரை உனக்குப் பார்த்துக் கட்டிவைத்தது நான்தான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

அந்தக் குழாய் சும்மா நிற்கவில்லை. காவல் நிற்கிறது. அதை மூடிவிட்டால் உன் வீட்டில் இருப்பது வடிகாலில் ஒரு வால்வு, அவ்வளவுதான். நான் எதை வைக்கக் கூடாது என்று ஒரு கடிதம் முழுக்கக் கத்தினேனோ அது.

ஆனால் உன்னைத் திட்ட முடியவில்லை. படத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினேழு இடத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். 'மூடாதே' என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. வடிகாலின் வாயை மூடக் கூடாது என்பது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. உன் வேலையில் திறந்து வைப்பது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? நத்தைக்கு, மேலே கூடை மாதிரி ஏதாவது கவிழ். வாய்க்கும் கூடைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடு.

பிறகு ஒரு சோதனை. இதைச் செய்யாமல் நான் எந்த வீட்டுச் சாவியையும் கொடுத்ததில்லை. நீங்கள் இருவரும் இருக்கும்போது முதல் குழாயின் வால்வை முழுக்க மூடு. பத்து நிமிடம். இரண்டாவது குழாய் தனியாக மொத்தத் தண்ணீரையும் இறக்க வேண்டும். தரையில் ஒரு சொட்டு வரக் கூடாது. பயமாகத்தான் இருக்கும். செய்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

முதலில் நல்லது.

அன்று அவர் மூடியைக் கழற்றப் போனபோது மூலையில் தண்ணீர் ஏற்கெனவே ஏறியிருந்தது. தடுப்பு எது, தொட்டி எது என்று தெரியாத அளவுக்கு ஒரே மட்டம். தொட்டி விளிம்புக்குக் கால் அங்குலம்கூட இல்லை. மூடியைத் திருகி எடுத்ததும் குழாய் ஒரு பெருமூச்சு விட்டுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது என்றார். செடி இலை ஒன்று வால்வின் இடுக்கில் மடிந்து கிடந்தது. நான் மாலை வந்து எடுத்தேன். நீ கடிதத்தை மறுநாள் படித்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், பிறகு நினைக்காமல் விட்டுவிட்டேன். மூடியை நான் மாட்டியதும் என் கை பழக்கதோஷம்தான்.

முதல் குழாயின் மேல்வாயில் இப்போது வலை போட்டாகிவிட்டது. இரண்டாவதன்மேல் கூடை கவிழ்த்து, இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். விரலை வைத்தே அளந்தேன். உன் விரல் அளவா என் விரல் அளவா என்று நீ எழுதவில்லை.

சனிக்கிழமை சோதனை செய்தோம். அவர் வால்வை மூடினார். நான் தரையில் பழைய துணியெல்லாம் பரப்பிவைத்து நின்றேன். தண்ணீர் ஒரு அங்குலம் ஏறியது. பிறகு உன் குழாய் எடுத்துக்கொண்டது. சோ, குடுகுடு, மடக், ஒன்று விடாமல். பத்து நிமிடமும் மட்டம் அசையவில்லை, துணி நனையவில்லை. இவ்வளவு நாள் வெறுத்த சத்தம் அண்ணா, அன்றைக்கு அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தெம்பாக இருந்தது. அவர், "உங்க அண்ணன் குரல் மாதிரியே இருக்கு" என்றார்.

பிறகு வால்வைப் பழையபடி திறந்து, இருபது நிமிடம் உட்கார்ந்தோம். நான்கூட உட்கார்ந்தேன். அது முடிந்ததும் அவராகவே போனை எடுத்து டாக்டரிடம், "இல்லம்மா, தொட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அளந்து எழுதின கையைக் கழுவிட்டேன்னு சொல்றாங்க." இப்போது உன் மாப்பிள்ளைக்கு வேறு குறை. "ரெண்டு வாரமா பசங்க சிரிக்கறதே இல்ல. கணக்குதான் போடறாங்க."

நீ கேட்காமலே நான் எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. மாடியைப் பற்றிச் சொன்னது தப்பு. அதுவும் அவர் முன்னால். அன்று காலை உனக்காக வைத்த தட்டை நான் மதியம் வரை எடுக்கவில்லை.

இனி வருத்தம். நேற்று ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். கடிதம் எழுத ஆரம்பித்த பிறகு முதல் தடவை. நீ எடுத்து, "என்ன வாலு" என்றாய். "அண்ணா, கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை அலமாரிக்குள் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் நீ வைத்துவிட்டிருந்தாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சண்டை போடக்கூட நான் வாயைத் திறக்கவில்லையே. இந்தத் தடவை எதற்கு வைத்தாய்?

தங்கை


ஏப்ரல் 26

வாலு,

நீ "அண்ணா, கேளு" என்றாய். கேட்டேன். ஒன்றும் இல்லை. ஹலோ என்றேன். ஆறு தடவை ஹலோ என்றேன். ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. இங்கே சிக்னல் எப்போதும் போகும், லைன் அறுந்துவிட்டது என்று வைத்தேன். மேலே போனால் கிடைக்கும் என்று மொட்டைமாடிக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடாது. இருபத்திரண்டு மாடியும் படி. போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நீ கூப்பிட்டு ஓய்ந்திருந்தாய். கோபமாக இருப்பாய், இப்போது பேசினால் மறுபடி எதையாவது சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிடவில்லை.

உன் கடிதத்தை இன்று படித்தபோதுதான் தெரிகிறது, லைன் போகவில்லை. அன்றைக்கு நான் கேட்டது உன் குழாயை.

படித்துவிட்டுச் சிரித்தேன். எலக்ட்ரீஷியன் என்னவென்று கேட்டார். என்னவென்று சொல்வது? எங்கள் வீட்டில் தண்ணீர் ஓடுகிறது, அதை நான் போனில் கேட்டேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் முதல் வாரம் பத்து நாள் லீவு எழுதியிருக்கிறேன். அண்ணியும் வருகிறாள். அதற்கு முன்னால், வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு மறுபடி கூப்பிட்டுப் போனைக் குழாய்ப் பக்கத்தில் வை. எவ்வளவு நேரம் ஒன்றும் கேட்காவிட்டாலும் நான் வைக்க மாட்டேன்.

அண்ணன்